கல்லில் சேர்க்காத பெயர்

தாமஸ் ஹைகேட், இங்கிலாந்தின் ஷோர்ஹாம் கிராமத்துப் பையன். சாதாரண சிப்பாய், வயசு 19. முதல் உலகப்போர் தொடங்கி ஒரே மாதம். 1914 செப்டம்பர் 6, பிரான்சில் ஒரு தானியக் கொட்டகையில், சீருடை இல்லாமல் பிடிபட்டான். ஓடிப்போனான் என்று விசாரணை. அவனுக்காகப் பேச ஒரு நாதியில்லை. 8ஆம் தேதி காலை, சொல்லி முக்கால் மணி நேரத்தில் சுட்டார்கள். ஜெர்மன்காரன் இல்லை தோழர்களே, சொந்தப் படை! மற்ற சிப்பாய்களுக்குப் பாடமாம். எந்தத் தளபதிக்கு இப்படிப் பாடம் நடத்தினாங்க?

பிரான்சில், கல்லறை தெரியாதவர்களுக்கான நினைவுச்சின்னத்தில் அவன் பெயர் இருக்கிறது. சொந்த ஊர்க் கல்லில் சேர்க்கலாமா என்று 2000இல் கேள்வி வந்தபோது, கிராம மன்றம் ஓட்டெடுத்து வேண்டாமென்றது. செத்தும் ஊருக்குள்ள விடல.

2006இல் இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது. யார் யாரை மன்னிக்கிறது? தீர்ப்பும் தண்டனையும் மாறாதுன்னு அதே சட்டம் சொல்லுது.