டிஷ்ஷின்ர அளவை ஆர் தீர்மானிக்கிறது?

கோபுரத்தைப் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கத் தொடங்கினால் கதிர்வீச்சில தொடங்கி கதிர்வீச்சிலயே முடிச்சுப்போடுவினம். அதே கோபுரத்தின் பக்கவாட்டில் மத்தளம் மாதிரித் தொங்குகிற வெள்ளை வட்டங்களைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கேட்கிறதில்லை. உங்கட போன் கோபுரம் வரைக்கும்தான் பேசுது. பைபர் போய்ச் சேராத இடங்களில் அங்கிருந்து தரவை அடுத்த கோபுரத்துக்கு எறிவது இந்த வட்டங்கள்தான். மைக்ரோவேவ் இணைப்பு. அனுமதிப்பத்திரம் எடுத்து நடத்துகிற தொழில். சனல் எவ்வளவு அகலமாக இருக்கலாம், அன்ரனா எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதை ஒழுங்குவிதிகள் சொல்லும். "அது இஞ்சினியர்மாரின்ர விசயம்" எண்டு விட்டுவிடுவது வசதிதான். ஆனால் பொதுச் சொத்தைப் பங்குபோடுகிற விசயம் இது. அமெரிக்காவை உதாரணத்துக்கு எடுக்கிறேன், ஏனெண்டால் அங்கை இந்த இழுபறி எல்லாரும் வாசிக்கக்கூடிய ஆவணங்களில் நடந்திருக்கு.

முதலில் டிஷ். டிஷ் சின்னதானால் அதிலிருந்து புறப்படும் கற்றை அகலும். 11 கிகாஹேர்ட்ஸில் 4 அடி டிஷ்ஷின் கற்றை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை. 2 அடி எண்டால் மூன்று பாகை. 30 கிலோமீற்றர் தள்ளிப் போய்ப் பார்த்தால் முதலாவது ஏறக்குறைய 800 மீற்றர் அகலத்தில் விழுந்திருக்கும், இரண்டாவது ஒண்டரைக் கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பரப்புக்குள் அதே சனலைப் பாவிக்க நினைக்கிற இன்னொருத்தருக்கு இடைஞ்சல். ஆகவே "சின்ன அன்ரனாவைத் தடைசெய்" எண்டு சொல்ல நியாயம் இருக்கு.

மற்றப் பக்கமும் இருக்கு. விட்டம் பாதியானால் காற்றுப் பிடிக்கிற பரப்பு கால்வாசியாகும். பாரமும் குறையும், கோபுரத்துக்குக் கட்டுற வாடகையும் குறையும். மெலிந்த கம்பத்திலேயே பூட்டலாம். காசு இல்லாத சின்னச் சேவை வழங்குநருக்கும் தூரத்துக் கிராமத்துக்கும் ஒரு இணைப்பு கட்டுப்படியாகுமா இல்லையா என்பதே சில இடங்களில் இதில்தான் தங்கியிருக்கு.

எப்.சி.சி. எனப்படும் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் விதியில் "நாலு அடி" எண்டு எழுதியிருக்கவில்லை. கற்றை இவ்வளவுக்கு மேல் அகலக்கூடாது, பெருக்கம் இவ்வளவுக்குக் குறையக்கூடாது எண்டுதான் இருந்தது. கணக்குப் பார்த்தால் 11 கிகாஹேர்ட்ஸில் நாலு அடி வரும். எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற இப்படியான விதிகள்தான் எனக்கு மிகவும் எரிச்சல். வாசிக்கிற சாதாரண ஆளுக்கு ஒண்டும் விளங்காது, ஏற்கனவே பெரிய கோபுரம் வைத்திருக்கிறவனுக்கு எல்லாம் விளங்கும். 2007இல்தான் அந்த எல்லை தளர்ந்து 2 அடிக்கு வந்தது. 2012இல் 6, 18, 23 கிகாஹேர்ட்ஸ் பட்டைகளிலும் சின்ன அன்ரனாக்களுக்கு இடம் கிடைத்தது.

தளர்த்தினதை விட, தளர்த்தின விதம் முக்கியம். சின்ன அன்ரனாவை வை, பிரச்சினையில்லை. ஆனால் அதனால் இன்னொருத்தரின் இணைப்பு தடைப்பட்டால், உன்ர செலவில் நல்ல அன்ரனாவுக்கு மாறு, அல்லது சக்தியைக் குறை. பக்கத்து வளவுக்குள் கிளை போனால் வெட்டவேண்டியது மரத்துக்காரன். பெரிய டிஷ்ஷை எல்லார் தலையிலும் முன்கூட்டியே கட்டுகிற விதியை விட இது எவ்வளவோ நேர்மையானது. பக்கத்தில் ஒருத்தருமே இல்லாத பொட்டல்வெளியில் கற்றை அகலமாகப் போனால் ஆருக்கு என்ன நட்டம்?

சனல் அகலத்துக்கு வருவம். இங்கைதான் நான் அமெரிக்க விதியோடு முரண்படுகிறேன். 2012இலேயே 6 கிகாஹேர்ட்ஸில் அதிகபட்ச சனல் 30 மெகாஹேர்ட்ஸிலிருந்து 60க்கும், 11 கிகாஹேர்ட்ஸில் 40இலிருந்து 80க்கும் போனது. ஏன் கேட்டார்கள் எண்டு விளங்குது. ஒரே சனலுக்குள் இன்னும் தரவைத் திணிக்கலாம்தான்: ஒரு குறியீட்டுக்கு 8 பிட் போவதை 12 ஆக்கலாம். ஆனால் கிடைப்பது ஒண்டரை மடங்குதான், அதற்குத் தேவைப்படும் சமிக்ஞையோ ஏறக்குறைய 16 மடங்கு. சனலை இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு சக்தியோடு இரண்டு மடங்கு தரவு. ஆர்தான் அகலத்தைக் கேட்கமாட்டினம்?

கேட்கட்டும். ஆனால் அமெரிக்காவில் இந்த அனுமதிக்கான கட்டணம் அகலத்தோடு ஏறுவதில்லை. முதலில் வந்து, அயலவர்களுக்கு அறிவித்து, மோதல் இல்லையெண்டு காட்டினால் 10 வருடத்துக்கு உங்களுடையது. என்னத்துக்கு எண்டு கேள்வி இல்லை. சிக்காகோவிலிருந்து நியூ ஜேர்சிக்குப் போகிற மைக்ரோவேவ் சங்கிலிகளைப் பாருங்கோ. 2010இல் போட்ட பைபரில் போய்வர 13 மில்லிசெக்கன் எடுத்தது. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும், காற்றில் வேகமாகப் போகும். எனவே பங்குச் சந்தைத் தரகு நிறுவனங்கள் கோபுரம் கோபுரமாகத் தாவி அதை 9க்கும் கீழே கொண்டுவந்தன. அவை பாவிப்பதும் இதே பட்டைகளை, இதே அனுமதிப்பத்திரத்தை. மருத்துவமனைக்கு இணைப்புக் கொடுக்கிறவரும், நாலு மில்லிசெக்கனை விற்றுக் காசாக்கிறவரும் வரிசையில் ஒண்டு. குறைந்தபட்சத் தரவு கொண்டுபோகும் கருவி வேணும் எண்டு ஒரு விதி இருக்கு, நல்லது. ஆனால் அது கருவியைப் பற்றின விதி, பயனைப் பற்றினது இல்லை.

பிரித்தானியாவின் ஒப்கொம் இதை வேறு மாதிரிச் செய்தது. இருபக்கமும் ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு 88 பவுண் எண்டு அடிப்படை விலை வைத்து, சனல் அகலத்தால் பெருக்கி, எந்தப் பட்டை, எவ்வளவு தூரம், எவ்வளவு நம்பகத்தன்மை கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப்போட்டது. தூரத்துக்குப் போகக்கூடிய தாழ்ந்த பட்டையைக் குறுகிய தாவலுக்கு வீணாக்கினால் விலை கூடும். காசுள்ளவன் எப்படியும் வாங்குவான் எண்டு நீங்கள் சொல்லலாம். வாங்கட்டும், ஆனால் இலவசமாக இல்லை. கிராமத்துக்குச் சலுகை வேணுமெண்டால் வெளிப்படையாகவே கட்டணத்தைக் குறைக்கலாம். கிராமப்புற இணைப்புகளுக்குச் செயற்றிறன் நிபந்தனையைத் தளர்த்த எப்.சி.சி.யே 2012இல் வழி விட்டது.

அமெரிக்காவிடம் இருந்து எடுக்கவேண்டிய இன்னொரு விசயம் பதிவேடு. எந்தக் கோபுரம், எந்த அன்ரனா, எந்தத் திசை, எத்தனை மெகாஹேர்ட்ஸ், ஆருடையது: எல்லாம் இணையத்தில் தேடலாம். சிக்காகோத் தரகுக்காரரின் சங்கிலிகளை ஆய்வாளர்கள் வரைபடமாக்கினது ஒருத்தரும் ரகசியம் கசியவிட்டு இல்லை, இந்தப் பதிவேட்டை உட்கார்ந்து வாசித்துத்தான். அடுத்தமுறை எங்கட ஊரில் கோபுரக் கூட்டம் நடந்தால் கதிர்வீச்சைக் கேளுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. அதோட, மேலே தொங்கப்போகிற டிஷ் எத்தனை அடி, சனல் எத்தனை மெகாஹேர்ட்ஸ், அதற்கு ஆர் எவ்வளவு கட்டுகினம் எண்டும் எழுத்தில கேளுங்கோ.