பினாங்குத் தென்கடல்: தூர்த்தது போதும்

பினாங்குத் தீவின் தெற்குக் கரையில், பெர்மாத்தாங் டாமார் லாவுட் தொடங்கி கெர்தாக் சங்குல் வரை, சின்னப் படகு வைத்துப் பிழைப்பவர்களுக்கு வயல்வரப்பு எல்லாம் அந்த ஆழமில்லாத சேற்றுக்கடல்தான். இறால் குஞ்சு வளர்வது அந்தச் சேற்றில். கெம்போங் மீனும் நண்டும் இரை தேடி ஒதுங்குவதும் அங்கேதான். மேலே மணலைக் கொட்டிவிட்டால் அந்தச் சேறு திரும்பி வராது.

அந்தக் கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள், 4,500 ஏக்கர்: இதுதான் மாநில அரசின் திட்டம். நிலத்தை விற்று எல்ஆர்டி ரயிலும் சாலையும் போடலாம் என்பதுதான் முதலில் சொன்ன கணக்கு. மீனவர்கள் மேல்முறையீடு செய்ததில், 2021 செப்டம்பரில் சுற்றுச்சூழல் ஒப்புதல் ரத்தானது. 2023-ல் புதிய ஒப்புதல் வந்தது. அந்த மே மாதம் ஒரு தீவு போதும் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். செப்டம்பரில் 2,300 ஏக்கர் 'சிலிக்கான் தீவு' வேலை தொடங்கிவிட்டது.

2024-ல் எல்ஆர்டி திட்டத்தைக் கூட்டரசே எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் கடலைத் தூர்க்கச் சொன்ன காரணத்தில் பெரும்பாதி போயிற்று. மாநில அரசு இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டாமா?

மீனவர்களுக்குக் கருணைத்தொகை தருகிறோம், புதுப் படகு தருகிறோம் என்கிறார்கள். படகு சரி, வலை போட இடம்? தூரம் கூடினால் பெட்ரோல் காசு கூடும். காற்று அடிக்கும் நாளில் சின்னப் படகு அவ்வளவு தூரம் போகவும் முடியாது. பிடி குறைந்தால் சந்தையில் விலை ஏறும். அதை நாமும்தான் கொடுக்கிறோம். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் தெப்பம் விட்டுக் கும்பிடுகிற நமக்கு, தென்கரைச் சங்கதி மலாய் மீனவர் பிரச்னை என்று ஒதுங்க என்ன நியாயம் இருக்கிறது?

காக்க வேண்டியது தென்கரை மட்டுமல்ல. ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்திலேயே, முதல் பாலத்தை ஒட்டி, மிடில் பேங்க் என்ற கடற்புல் திட்டு இருக்கிறது. நீர் வற்றும்போது கடற்புல் தலைகாட்டும். கடல்குதிரை, கடலட்டை, நட்சத்திர மீன் எல்லாம் அதற்குள் குடியிருக்கின்றன. சரணாலயமாக்கும் பேச்சு வெகுநாளாக அடிபடுகிறது. பேசியது போதும், அரசிதழில் ஏற்ற வேண்டும்.

தென்கரையில் மற்ற இரண்டு தீவுகளும் இனி இல்லை என்பதை மாநில அரசு எழுத்தில் தர வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்குகிறது என்ற அளவீட்டை மாதாமாதம் மீனவர் படகுத்துறைகளில் ஒட்ட வேண்டும். பிடி குறைந்ததைக் காட்டும் மீனவருக்கு, வேலை நடக்கும் காலம் முழுக்க மாதப்படி கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிக்கக் கூடாது.