கட்டிய வரி திரும்பட்டும். வந்த காயும் திரும்பட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருந்து, மேலே இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் பலர். அவர்களுடைய காய்க்கு விலை கிடைப்பது போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் கீழ் நடக்கும் ஏல விற்பனையில். அந்த விலைக்கு அரணாக இருப்பது இறக்குமதி ஏலக்காய் மீதான 70 சத அடிப்படைச் சுங்கவரி.

வரி தேவைப்படுவதற்குக் காரணம் குவாதமாலா. அங்கு உள்ளூரில் ஏலக்காய் உண்போர் மிகக் குறைவு. விளைவது பெரும்பாலும் ஏற்றுமதிக்கே. நம் நாட்டிலோ விளைச்சலின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே செலவாகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றதைப் போன்ற காலங்களில், அயல்நாட்டுக் காய்க்கு இங்கே ஆசை அதிகமாகும்.

கட்டிய வரி திரும்பக் கிடைக்கும் வழியும் உண்டு. வரி கட்டி இறக்கிய சரக்கைப் பயன்படுத்தாமல், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பினால், 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி 98 சதம் திரும்பக் கிடைக்கும். அடிப்படை வரியை மட்டும் கணக்கிட்டால், 100 ரூபாய்க் காய்க்கு 70 ரூபாய் கட்டியவர் 68 ரூபாய் 60 காசு பெறுவார். மூலப்பொருளைப் பக்குவம் செய்து ஏற்றுமதி செய்வோருக்கு உதவுவது 75ஆவது பிரிவு.

இவ்வேற்பாட்டையே எதிர்ப்பது விவசாயிக்கு நன்மை தராது. முன்கூட்டியே வரிவிலக்கு பெற்று வரும் சரக்கு வழிதவறினால், வரியும் போய் விலையும் விழும். வரியை முதலில் கட்டி, சரக்கு வெளியேறிய பின் பெறும் முறையே பாதுகாப்பானது. முன் அனுமதித் திட்டத்தில், நறுமணப் பொருள்களை வெறுமனே சுத்தம் செய்து, தரம் பிரித்து, மறுபொட்டலம் இடுவதற்கு வரியில்லா இறக்குமதி கிடையாது. அரைத்தல், கிருமி நீக்கல், எண்ணெய் எடுத்தல் போன்றவற்றிற்கே உண்டு. இவ்விதியைத் தளர்த்தலாகாது.

ஆபத்து ஆள்மாறாட்டத்தில்தான். இறக்குமதியான பருமனான காயை உள்ளூரில் விற்றுவிட்டு, மட்டக் காயைக் கப்பலேற்றி வரியைத் திரும்பக் கேட்டால் கண்டுபிடிப்பது எளிதன்று. எனவே வரும்போதும் போகும்போதும் அளவு, நிறம், எடை ஆகியவற்றை மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். நேர்மையான ஏற்றுமதியாளருக்குத் தாமதமின்றிப் பணம் தர வேண்டும். பணம் முடங்கினால் அவரும் சரக்கை உள்ளூரிலேயே தள்ளிவிடப் பார்ப்பார்.

விவசாயிகளும் தோட்டப் பதிவு எண், ஸ்டோரில் உலர்த்திய தேதி, எடை ஆகியவற்றைக் குறித்து வைத்து, சொந்தப் பெயரிலேயே காயை ஏலத்திற்கு அனுப்புவது நல்லது. வியாபாரிகள் வாங்கிய காயையே மீண்டும் ஏலத்தில் வைப்பதைக் கட்டுப்படுத்தக் கோரும்போது இக்குறிப்பேடு பெரிதும் துணை செய்யும்.