மலையகத் தாயும் மகப்பேற்றுச் சட்டமும்

பிரசவத்தில் சாவின் வாயிலைத் தொட்டு மீண்ட தோட்டத் தொழிலாளப் பெண், எத்தனை நாளில் மீண்டும் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும்? அதை அவளது உடல்நிலை தீர்மானிப்பதில்லை. பிறந்த பிள்ளை மூச்சுவிட்டதா என்பதே தீர்மானிக்கின்றது.

இது மிகைக்கூற்றன்று. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், திருத்தங்களுக்குப் பின்னரும், உயிருடன் பிறந்த பிள்ளையின் தாய்க்கு 84 நாளும் பிள்ளை உயிருடன் பிறவாத தாய்க்கு 42 நாளும் என வகுத்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் விடுமுறை பாதி என்றிருந்த அநீதியை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பிள்ளையை இழந்தவளின் பாதிக் கணக்கில் அது கைவைக்கவில்லை.

பிள்ளையே இல்லாதபோது பாலூட்ட விடுமுறை எதற்கு என்பர் சிலர். கருப்பை சுருங்கி முன்னிலை அடைய ஏறத்தாழ ஆறு வாரம் செல்லும். மிகையான குருதிப்பெருக்கால் உண்டான சோகை ஆறப் பின்னும் காலம் வேண்டும். சூல்வலிப்புக் கண்டவளின் குருதியழுத்தம் பிரசவத்தோடு தணிந்துவிடுவதுமில்லை. பிள்ளை இறந்தது மார்புக்குத் தெரியாது. சில நாளில் பால் கட்டிக்கொள்ளும். ஒரே காயம்பட்ட இரு தாய்மாருள், துயரமும் சேர்ந்தவளுக்கே குறைந்த ஓய்வு என்பது எந்த நியாயம்?

விடுமுறை முடிந்தால் பெயர் போட்டாக வேண்டும். குறித்த கிலோ நிறையாவிடின் அரைப்பெயர். தலையில் கயிறு இழுக்கச் சரிவிலே நிற்பவளின் தளர்ச்சியைத் தராசு அறியாது. லயத்திலோ, "ராசியில்லாதவள்" என்னும் சொல் காத்திருக்கும். அழுவதற்கும் அங்கே தனியறை இல்லை. மனத்தின் காயத்தைக் கேட்க எவருமில்லாதபோது, அது சோம்பலென்றே பெயர் பெறுகின்றது.

2017ஆம் ஆண்டில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. உயிர்காக்கக் கட்டடம் வேண்டியதே. ஆனால், காத்த உயிர் வீடு திரும்பிய மறுநாள் முதல் யார் பொறுப்பு? அதே இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், 'பிள்ளை' என்னும் சொல்லுள் இறந்து பிறந்த பிள்ளையையும் அடக்கியது. கருச்சிதைவுக்கு 6 வாரமும், பிரசவத்தால் நோயுற்றவளுக்கு மேலும் ஒரு மாதமும் சம்பளத்துடன் அளித்தது. தோட்டங்களும் அச்சட்டத்துள் அடங்கின. வால்பாறையில் இயன்றது அட்டனில் ஏன் இயலாது?

செலவு தாங்காது என்று கம்பனிகள் சொல்லக்கூடும். பிள்ளை பிழைத்திருந்தால் அதே 84 நாளையும் அவை கொடுத்தே இருக்கும். ஆகவே 42 நாள் மிச்சம் என்பது ஒரு பிள்ளையின் சாவிலிருந்து பெறும் இலாபமேயன்றி வேறில்லை. சம்பள உயர்வுக்காக முழங்கும் தொழிற்சங்கங்கள் இதையும் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றட்டும்: உயிர்ப்பிறப்பாயினும் இறந்த பிறப்பாயினும் 84 நாள், நோய் நீடித்தால் வைத்தியர் சான்றின்மேல் கூடுதல் நாள், வீடு தேடிவரும் மருத்துவ மாது உடலோடு மனத்தையும் விசாரித்தல்.

தாய் என்பவள் பிள்ளை பெறும் கருவியல்லள். பிள்ளை பிழைக்காவிடினும் அவள் பிழைத்திருக்கிறாள். சட்டம் அவளையும் ஓர் உயிராக எண்ணட்டும்.