பொன்னுக்கு வீங்கிக்கும் ஊசி வேண்டும்

2024 ஜூனில் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்தை விட்டு இறங்கியபோது தமக்குக் காது கேட்காமல் போனதாக அறிவித்தார். வைரஸ் தாக்கிச் செவி நரம்பு பழுதானது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். நாடெங்கும் அதே பேச்சு. அதே ஆண்டு மார்ச் 10 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லையூரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரே நாளில் 190 பேருக்குப் பொன்னுக்கு வீங்கி பதிவானது. காதோடு அதைச் சேர்த்துப் பேசியவர்கள் குறைவு.

திடீர்க் காது கேளாமையில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. வைரஸ் மீது சந்தேகம் உண்டு. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. கொரோனா காதைக் கெடுக்குமா என்ற வழக்கும் முடியவில்லை. பொன்னுக்கு வீங்கியில் இந்த இழுபறி கிடையாது. அது உள்காதைக் கெடுக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம். போனால் அநேகமாகத் திரும்பாது. ஒரு காது போன குழந்தை மறுகாதால் சமாளித்துக்கொள்வதால், பல வீடுகளில் விஷயம் தெரியவே ஆண்டுகள் ஆகும்.

ஜப்பானில் 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இப்படிக் காது பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 348 பேர். அங்கும் பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி அரசின் கட்டாயப் பட்டியலில் இல்லை.

நம் நிலையும் அதுதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய எம்.ஆர். ஊசி தட்டம்மையையும் ருபெல்லாவையும் தடுக்கிறது. பொன்னுக்கு வீங்கியைத் தடுக்காது. மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. காசிருப்பவர் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொள்கிறார். மற்றவர் பிள்ளைக்கு நோய் வந்தபின் கழுத்தில் தங்கச் சங்கிலிதான் வைத்தியம்.

உயிரைக் குடிக்காத, தானே ஆறிவிடும் நோய்க்கு ஏன் செலவு என்று டெல்லியில் கேட்கிறார்கள். இறப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் கேள்வி சரிதான். நோய் ஆறிவிடும், காது ஆறாது என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை. மத்திய அரசுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை: டெல்லி மாநில அரசே 1999-இல் எம்.எம்.ஆரைத் தன் திட்டத்தில் சேர்த்த முன்னுதாரணம் இருக்கிறது.

கொரோனாவின்போது களியக்காவிளையில் தடுப்பு வைத்து வண்டிகளை மறித்தார்கள். பொன்னுக்கு வீங்கிக்காக யாரும் எல்லையை அடைக்கப் போவதில்லை, அடைக்கவும் கூடாது. படிப்புக்கும் வேலைக்கும் பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நாள்தோறும் போய்வரும் ஊர் இது. ஆகவே தமிழ்நாடு அரசு கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே தொடங்கட்டும். ஒன்றரை வயதில் போடும் இரண்டாவது எம்.ஆர். ஊசிக்குப் பதில் எம்.எம்.ஆர். போடலாம், தாய்மாருக்குக் கூடுதல் அலைச்சல் இல்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. திடீரென ஒரு காது அடைத்தால் அழுக்கென்று நினைத்து எண்ணெய் ஊற்றி நாள் கடத்தக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சை இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அன்றே போக வேண்டும். அங்கே செவித்திறன் பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ளிப்போடாமலிருப்பது சுகாதாரத் துறையின் பொறுப்பு.