உடம்புக்கு மாத்திரை கொடுக்கிறோம், மனசுக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருப்பவர்கள் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

கோயமுத்தூரில் எந்த வீதியில் பத்து வீடு ஏறி இறங்கினாலும், சர்க்கரை, டயாலிசிஸ், பக்கவாதம், முடக்குவாதம் என்று ஏதோ ஒன்றோடு வருடக்கணக்கில் இருக்கும் ஒருவரைப் பார்க்கலாம். மாத்திரை டப்பா நேரத்துக்குத் திறக்கிறது. ரத்தப் பரிசோதனையும் தவறாமல் நடக்கிறது. ஆனால் அந்த மனுசர் ஆறு மாதமாகத் திண்ணைக்கு வரவில்லை, பேரன் வந்தாலும் முகம் மலரவில்லை, விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பது எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. கேட்டால், "இத்தனை நோவு இருந்தா யாருக்குத்தானுங்க மனசு நல்லா இருக்கும்?" என்கிறோம்.

இந்தப் பேச்சை நாம் விட வேண்டும் என்பதுதான் என் கருத்து. நோவு வந்தால் வருத்தம் வரும், அது இயல்பு. எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அப்படியே இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. விட்டுவிட்டால் மாத்திரை தவறும், நடைப்பயிற்சி நிற்கும், உடம்பு நோயும் கூடும்.

சென்னை உட்பட நம் நாட்டின் 4 நகரங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பிரிவினருக்கு, இரண்டையும் சேர்த்துக் கவனித்துத் தொடர்ந்து பேசி, மருத்துவரிடமும் எடுத்துச் சொல்ல ஒரு ஆள். இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள் இந்த இரண்டாம் பிரிவில்தான் அதிகம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை, ஆலோசனை என்று பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்', அதாவது முழுக்கவனப் பயிற்சி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதைத் தொடங்கினார். 8 வாரப் பாடம். தீராத வலியோடு வாழ்ந்தவர்கள்தான் அவருடைய ஆரம்பகால மாணவர்களில் பலர். பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் இதை மனச்சோர்வுக்கென்றே அமைத்தார்கள். மூன்று முறைக்குக் குறையாமல் மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு, அது திரும்பாமல் இருக்க இதைத் தரலாம் என்று 2004-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பும் பரிந்துரைத்தது.

அதில் என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு உலர் திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடச் சொல்வார்கள். படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கி உடம்பு முழுவதும் கவனத்தை நகர்த்தச் சொல்வார்கள். முடக்குவாதக்காரியான எனக்கு இதில் பிடித்தது, வலிக்கிற விரலையும் வலிக்காத விரலையும் ஒரே மாதிரி கவனிப்பதுதான். அடுத்து எண்ணங்கள். "நான் எல்லாருக்கும் பாரம்" என்று ஒரு எண்ணம் வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம், நம்பவும் வேண்டாம். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்போமே, அது மாதிரிதான். "உள்ளேன் டீச்சர்" என்றால் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போகிறோம். ஒரே பையனிடம் நின்றுவிட்டால் பாடம் நடக்காது.

"இது நம்ம பக்கம் புதுசாங்க டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயில் இருக்கிறது, ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. கண்ணை மூடி உட்காருவது நமக்குப் பழகியதுதான். ஆனால் சிகிச்சை என்று வரும்போது நோயாளியின் நிலையைப் பார்த்து, பயிற்சி பெற்ற மனநல நிபுணர் நடத்த வேண்டும். மிகவும் சோர்ந்து கிடப்பவரைத் தனியாகக் கண்ணை மூடி உட்கார வைப்பது சரியல்ல. அவரை முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 139 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், இந்தப் பயிற்சியால் மனச்சுமை குறைந்தது, ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு மாறவில்லை. ஆகவே தியானம் பழகியாச்சு என்று இன்சுலினை நிறுத்தாதீர்கள். நோயாளியிடம் "தியானம் பண்ணினா எல்லாம் சரியாப் போயிரும்" என்று உபதேசமும் செய்யாதீர்கள். சரியாகவில்லை என்றால் பழி அவர் தலையில்தான் விழும்.

இந்த வாரம் அம்மிச்சி, அப்புச்சி, மாமனார், மாமியார் என்று வீட்டில் யார் நோவோடு இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்குதுங்களா? முன்னே பிடிச்சதெல்லாம் இப்பப் பிடிக்கலீங்களா?" ஆமாம் என்றால் அடுத்த முறை சர்க்கரைக்குப் போகும்போது அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். வாசலுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எல்லா ஊரிலும் வர வேண்டும். "இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது பேசினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை தமிழிலேயே பேசும், கட்டணம் கிடையாது.

என் மாணவர்களில் டாக்டர்களும் நர்ஸ்களும் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் சேர்க்க வேண்டியதைக் கீழே எழுதுங்கள் கண்ணுகளா. எல்லாரும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்