‘ஆல்’ எங்கே?

பள்ளிப்பட்டுத் தேநீர்க் கடையில் காலைதோறும் உலக விவகாரங்கள் அலசப்படுகின்றன. அலசுவோர் நாமும், தறியை விட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவரும். அவர் கையில் தெலுங்குத் தாள். நம் கையில் தமிழ்த் தாள். எல்லையோர ஊரில் இது இயல்பே. மொழிதான் வேறு, இரண்டு தாள்களுக்கும் நோய் ஒன்று.

‘காஸாவில் இத்தனை பேர் பலி’ என்பது தலைப்பு. அதில் வினைமுற்றே இல்லை. பலி என்றால் பலியிட்டவன் ஒருவன் வேண்டாமா? குர்பானி ஆட்டுக்குக்கூட அறுத்தவர் இன்னார் என்பது தெருவுக்கே தெரியும். உள்ளே சென்று படித்தால் ‘குண்டு வீசப்பட்டது’, ‘கட்டடம் தரைமட்டமானது’ என்றிருக்கும். வீசிய விமானம் இஸ்ரேலுடையது என்ற விவரம், தேநீர் ஆறிய பிறகு வரும் கடைசிப் பத்தியில் கிடைத்தால் நம் அதிர்ஷ்டம்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. ‘ளரப ஸைதுன் அம்ரன்’ – ஸைது அம்ரை அடித்தான் – என்பது நஹ்வுப் பாடத்தில் நாம் கண்ட முதல் அடிதடி. ‘ளுரிப அம்ருன்’ என்று மாற்றினால் ஸைது தப்பிவிடுவான். இத்தகைய வினைக்கு அரபு இலக்கணிகள் இட்ட பெயர் ‘மஜ்ஹூல்’, அதாவது அறியப்படாதது. அடிபட்ட அம்ருக்கோ ‘நாயிபுல் ஃபாஇல்’ என்று பட்டம்; செய்தவனின் பிரதிநிதியாம்! உதைபட்டதுமன்றி, உதைத்தவன் நாற்காலியிலும் அவனே அமர வேண்டும். உலகச் செய்திகளில் பாலஸ்தீனியர் பாடு இதுதான்.

ஆனால் தமிழ்ப் பத்திரிகையாளருக்கு இந்தச் சாக்குச் செல்லாது. நம் மொழியின் செயப்பாட்டு வினையில் செய்தவனை நிறுத்த மூன்றாம் வேற்றுமை உருபு இருக்கிறது. ‘ஸைதால் அம்ரு அடிக்கப்பட்டான்’ எனலாம். ‘ஆல்’ என்பது இரண்டே எழுத்து. அச்சில் அதற்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

2003ஆம் ஆண்டு ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் ‘இருப்பதாகக் கூறப்பட்டது’ என்று இன்றும் எழுதுகிறார்கள். கூறியவர் ஊர் பேர் தெரியாதவரல்லர். அவ்வாண்டு பிப்ரவரி 5 அன்று பாதுகாப்புக் கவுன்ஸிலில் உலகமே பார்க்க அமர்ந்து கூறியவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல். ஆயுதங்கள் கிடைக்கவில்லை, நாடு ஒன்று அழிந்தது. ‘கூறப்பட்டது’ மட்டும் அழியாமல் நிற்கிறது.

பழியை மட்டுமா இந்த வினை விழுங்குகிறது? புகழையும் விழுங்கும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் நம் பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு ‘இணைக்கப்பட்டன’ என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ம.பொ.சி.யாரும் மங்கலங்கிழாரும் வடஎல்லைக்காகப் பட்ட பாடு அந்த ஒரு சொல்லுக்குள் காணாமற் போய்விடுகிறது.

இவ்வளவும் நாம் தேநீர்க் கடையில் ஆவேசமாய் எடுத்துரைத்தோம். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி பாய், ஏமனில் குண்டு போட்டது யார்?” என்றார்.

நாம் தேநீரைப் பார்த்தோம். 2016 அக்டோபர் 8 அன்று சன்ஆ நகரில் துக்கத்துக்குக் கூடியிருந்தோர்மீது குண்டு வீசி 140 பேருக்கு மேல் கொன்றது சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி. நம்மவர் மேடைகளில் அது என்னவாயிற்று? ‘ஏமனில் துயரம் நிகழ்ந்தது’ ஆயிற்று. சூடானில் 2023 ஏப்ரல் முதல் ராணுவமும் துணைப்படையும் மோதி ஊர்களைச் சுடுகாடாக்குகின்றன. இருபுறமும் கலிமா சொன்னவர்கள். ஆகவே நமக்கு அது ‘சோதனைக் காலம்’. அதே 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் அதனோடு சேர்ந்த ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றதைச் சொல்ல வரும்போதும், காஸாவுக்குச் செய்வினை கேட்ட அதே நாவு மஜ்ஹூலுக்குத் தாவுகிறது.

‘வீட்டுக் குறையைத் தெருவில் வைக்கலாமா?’ என்று சில அன்பர்கள் சினப்பார்கள். அவர்கள் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை ஓதிப் பார்த்து, அது யாருக்கு எதிராயினும் சாட்சி சொல்லச் சொல்கிறது என்பதைப் படித்தபின் நமக்கு எழுதட்டும். நம் பக்கத்து ‘ஆலை’ ஒளித்துவைத்துக்கொண்டு அடுத்தவன் பக்கத்து ‘ஆலை’க் கேட்டால் எவன் தருவான்?

நாம் மட்டும் யோக்கியரல்லோம். 1991இல் வளைகுடாப் போர் நடந்தபோது, அரபுக் கல்லூரி மாணவர்களின் கையெழுத்து ஏட்டில் சதாம் உசேனைப் புகழ்ந்து எட்டுப் பக்கம் எழுதினோம். சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபி மீண்டும் பிறந்துவிட்டார் என்றோம். சலாஹுத்தீன் குர்து இனத்தவர் என்பது தெரிந்தும், குர்துகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: ‘ஹலப்ஜாவில் நச்சுப் புகை வீசப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.’ ஒரே வரியில் இரண்டு மஜ்ஹூல்! உஸ்தாத் அவர்கள் எட்டுப் பக்கத்தையும் படித்து, அந்த ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு, ‘தம்பி, ஃபாஇல் எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். நாம் அதைத் திருத்திக் கொடுக்கவில்லை.

இப்போது திருத்துகிறோம்: 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் சதாம் உசேனின் விமானப்படை நச்சு வாயுவை வீசி, ஏறத்தாழ ஐயாயிரம் குர்துகளைக் கொன்றது.